கேட்காமல் வந்த சாட்சி

ஷிஃப்ராவின் கதையைச் சொல்வதற்கு முன்னால் என் வாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இஸ்ரேலில் ப்னே பராக் ஊரில் எங்கள் தெருவில் நடந்த கல்யாணங்களில் முக்கால்வாசி என் வாயில் பிறந்தவை. யாரும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பதில்லை. நானாகப் போய்ச் சொல்லுவேன். ஒரு பையனைப் பார்த்தால் அவனுக்கு யார் பொருத்தம் என்று காய்கறிக் கடை வரிசையில் நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து முள்ளங்கியைக் கீழே வைத்ததும் முதல் வேலை, பெண்ணின் அம்மாவுக்குப் போன். அப்படிப்பட்டவள் எதிர்வீட்டு ஷிஃப்ரா விஷயத்தில் மட்டும் வருடக்கணக்கில் வாயைத் தைத்துக்கொண்டு இருந்தேன். திறந்தால் பாவம். அவள் புருஷன் உள்ளவளா இல்லாதவளா என்று கடவுளைத் தவிர யாருக்கும் தெரியாது.

அவள் புருஷன் நஃப்தாலி கோஷர் மேற்பார்வையாளர், அதாவது எங்கள் யூத உணவு விதிப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்கிறவன். தாய்லாந்தின் தெற்குக் கரையில் சூரை மீனை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் சீசனுக்குச் சீசன் போய் நின்று, நம் சட்டத்துக்கு ஒவ்வாத மீன் எதுவும் டின்னுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வான். நல்ல தடியன், எதைப் பார்த்தாலும் கிட்டே போய்த் தொட்டுப் பார்க்கிற ஆள். செதில் இல்லாத மீன் எங்களுக்கு ஆகாது; செதில் இருக்கிறதா என்று மேசையில் வைத்தே பார்த்துவிடலாம், படகில் ஏற வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் மீன் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டு ஒரு நாள் ஏறினான். புயலில் படகு கவிழ்ந்தது. மூன்று நான்கு பேர் எண்ணெய் டிரம்மைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். நஃப்தாலி சேரவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

குளத்தில் மூழ்கியிருந்தால் கதை வேறு. நாலு பக்கக் கரையும் கண்ணுக்குத் தெரியும், ஆள் வெளியே வந்தானா என்று காத்திருந்து பார்த்துவிட்டு மனைவியை விடுவித்துவிடலாம். கடலுக்கு அப்படிக் கரை கிடையாது. எங்கேயோ ஒரு தீவில் ஏறியிருக்கலாம், நினைவு தப்பி யார் வீட்டிலோ கிடக்கலாம். இப்படி நிற்கிற பெண்ணைக் கட்டுண்டவள் என்போம். அவள் இன்னொருவனைக் கட்டிக்கொண்ட பிறகு முதல் புருஷன் திரும்பி வந்தால் இரண்டு பேரும் அவளுக்கு இல்லை. இரண்டாவது கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு நம் ஜனத்தில் யாரும் பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டார்கள், பேரன் பேத்தி காலம் வரைக்கும்.

ரப்பிகளின் நீதிமன்றத்திலிருந்து ஒருவர் அந்தக் கரைக்கே போய் விசாரித்துவிட்டு வந்தார். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டார். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டார்கள், எங்களுக்குத் தெரியாது என்று.

ஷிஃப்ரா அழவில்லை. வீட்டு முன்னறையில், கல்யாணமான எங்கள் பெண்கள் தலைமுடியை மறைக்கப் போடுகிற விக்குகளைக் கழுவி, சுருட்டி, சீவிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. எத்தனையோ தலைகளைப் பண்டிகைக்கு அழகுபடுத்தி அனுப்பிவிட்டு, தன் மகள் ரைசலுக்குச் சூப்பைச் சுட வைத்துக் கொடுத்துவிட்டு, தானும் ஒரு பழைய விக்கை மாட்டிக்கொண்டு ஜெபக்கூடத்துக்கு வருவாள். அவனுக்காக அழுதால் அவன் செத்துவிட்டான் என்று அவளே தீர்ப்பு எழுதின மாதிரி ஆகிவிடும் என்று ஒருமுறை சொன்னாள். அழாமல் இருக்கிறாளே, கல்நெஞ்சக்காரி என்று தெருவில் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

முனைக்கடையில் மெனாஹெம் என்று ஒருவர் கிழிந்த ஜெபப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுப்பார். மனைவியை இழந்தவர். ரைசலின் புத்தகம் ஒரே வருடத்தில் எத்தனை தடவை கிழிந்தது என்று நினைக்கிறீர்கள்? நல்ல குழந்தை அது, புத்தகத்தைக் கிழிக்கிற குழந்தை இல்லை. ஷிஃப்ரா கடை வாசலில் நின்று தரையைப் பார்ப்பாள். மெனாஹெம் பசைக் கிண்ணத்தைப் பார்ப்பார். இரண்டு பேரும் விலை தவிர வேறு வார்த்தை பேசினதில்லை. எனக்கா தெரியாது? தெரிந்தும் சொல்ல முடியாது. இன்னொருவன் மனைவிக்கு மாப்பிள்ளை பார்க்கிறவளுக்கு நரகத்தில் தனி அறை ஒதுக்கியிருப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் இந்த எழுத்துத் தாவல் பைத்தியம் எங்கள் ஊருக்கு வந்தது. எங்கள் வேதமான தோராவின் எழுத்துகளை இடைவெளி விடாமல் ஒரே சரமாகக் கோத்து, கணினி அதில் ஏழுக்கு ஒன்று, ஐம்பதுக்கு ஒன்று, ஆயிரத்துக்கு ஒன்று என்று தாவித் தாவி எழுத்துகளைப் பொறுக்கும். பொறுக்கினதைச் சேர்த்தால் ஒரு பெயர் வரும். அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே ஒரு போர் வரும், ஒரு வருடம் வரும். கூட்டம் போட்டு வெள்ளைத் திரையில் காட்டினார்கள். நானும் போனேன். வளைகுடாப் போரைப் பார்த்து வாயைப் பிளந்தேன். காட்டினது அத்தனையும் நடந்து முடிந்த விஷயமாகவே இருக்கிறதே என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நஃப்தாலியின் தம்பி எல்யாகிமும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாய்லாந்து வேலை முதலில் வந்தது அவனுக்குத்தான். மனைவிக்குப் பிரசவ நேரம் என்று அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தான். அன்றிலிருந்து அவன் சரியாகத் தூங்கி நான் பார்த்ததில்லை. என் வாய் ஊரறிந்தது என்றால் அவன் வாய் நாடறிந்தது. எதையும் யோசித்துவிட்டுப் பேசுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் அவனுக்கு மட்டும் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை அவன் படியேறி வருகிற சத்தம் முதல் மாடியிலிருந்தே கேட்டது. கையில் ஒரு நீளமான காகிதம். கட்டம் கட்டமாக எழுத்துகள், சிலவற்றைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"ஷிஃப்ரா! கதவைத் தொற! அண்ணன் பேரு கிடைச்சிருச்சு!"

ஷிஃப்ரா ஈரக்கையோடு வந்தாள். பின்னாலேயே நானும். எதிர்வீட்டுக்குள் நுழைய எனக்குக் கூச்சம் கிடையாது.

"இங்க பாரு. நஃப்தாலி. மேலேர்ந்து கீழே வருதா? இங்க குறுக்கால, கடல். இதோ, இங்க ரத்தம் மாதிரி வட்டம் போட்டிருக்கேன் பாரு, செத்தான். மூணும் ஒரே இடத்துல! தோராவே சொல்லிருச்சு, ஷிஃப்ரா. உனக்கு விடுதலை!"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓடிப்போய், வெள்ளி சாயங்காலம் தொடங்குகிற சபாத் ஓய்வுநாளுக்கென்று செய்து வைத்திருந்த பாப்பி விதைக் கேக்கை அப்படியே தட்டோடு தூக்கிக்கொண்டு வந்தேன். கீழ்வீட்டுக்காரிகள் வந்தார்கள். ஒருத்தி ஷிஃப்ராவைக் கட்டிக்கொண்டாள். என் மனதுக்குள் மெனாஹெம் அதற்குள் மாப்பிள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டுவிட்டார்.

ஷிஃப்ரா மட்டும் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்யாகிம், கணினிகிட்ட நீ என்ன கேட்ட?" என்றாள்.

"அண்ணன் பேரைக் குடுத்தேன். கடல், செத்தான், ரெண்டும் பக்கத்துல இருக்கான்னு பாக்கச் சொன்னேன். இருக்கு!"

"வேற எதுவும் கேக்கலையா?"

"வேற என்னத்தைக் கேக்கிறது?"

அவள் காகிதத்தை மடித்து அவனிடமே கொடுத்தாள். "இதைக் கணினியில எடுத்துக் குடுத்த மனுஷன் எங்க இருக்கார்னு சொல்லு. நானே போய்ப் பாக்கிறேன்."

தனியாக ஓர் ஆண் வீட்டுக்குப் போக முடியாது, அதனால் துணைக்கு நான். அவருக்கு யோராம் என்று பெயர். ராணுவத்தில் கணினிப் பொறியாளராக இருந்து, இந்தத் தாவல்களைப் பார்த்து மனம் மாறி, முப்பத்தைந்து வயதில் தலையில் குல்லாய் போட்டுக்கொண்டவர். புதிய தாடி, அதைத் தடவிக்கொள்ள இன்னும் பழகாத கை. எங்களுக்குப் பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். பாத்திரம் கோஷரா என்று நாங்கள் சந்தேகப்படக் கூடாதாம். அந்த அக்கறையிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"உங்க கொழுந்தனார் கொண்டுபோன கட்டம் ரொம்ப நல்ல கட்டம். அவ்வளவு நெருக்கமா வர்றது அபூர்வம்" என்றார்.

ஷிஃப்ரா கேட்டாள், "இன்னொண்ணு தேடித் தர முடியுமா? நஃப்தாலி. பக்கத்துல, உயிரோட இருக்கான்."

யோராமின் கை விசைப்பலகைக்கு மேலேயே நின்றது. "எதுக்கும்மா அது? வேண்டாமே."

"தேடுங்க."

கணினி கொஞ்ச நேரம் முனகியது. பிறகு திரையில் கட்டம் விரிந்தது. நஃப்தாலி. அவனை ஒட்டினாற்போல, உயிரோடு இருக்கிறான். செத்தான் என்று வந்ததைவிட நெருக்கம். போதாததற்குக் கொஞ்சம் தள்ளி தீவு என்றும் வந்தது, அதை யாரும் கேட்கக்கூட இல்லை.

யோராம் தொண்டையைச் செருமினார். "இதுக்கெல்லாம் நிகழ்தகவு கணக்கு இருக்கு. எது எதேச்சையா வந்தது, எது உண்மைன்னு அளந்து பாக்கணும்…"

"அளந்தா எது ஜெயிக்கும்?" என்றாள் ஷிஃப்ரா. குரலில் கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"எப்படி அளக்கிறோம்கிறதைப் பொறுத்து…" என்று ஆரம்பித்து அவர் நிறுத்திக்கொண்டார். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் நான் ஆடித் தீர்த்துவிட்டேன்.

"ஏன்டீ, உனக்கு வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா? வந்த கதவை நீயே சாத்திக்கிட்டியே! அதைப் போய்க் கேக்கச் சொல்லி உன்னை யார் அழுதா?"

"நான் கேக்கலேன்னா அது அங்க இல்லாமப் போயிடுமா?"

"எவ பாத்தா? எவளுக்குத் தெரியும்?"

"எனக்குப் பொறக்கப் போற புள்ளைக்குத் தெரியும், நஃப்தாலி ஒரு நாள் கதவைத் தட்டினா." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கு மட்டும் ஆசை இல்லைன்னா நெனைக்கிற? அந்தக் காகிதத்தைப் பாத்தப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? எவ்வளவு ஆசையோ அவ்வளவு பயம் வந்துச்சு. அதனாலதான் கேட்டேன்."

அடுத்த நிறுத்தம் வரை நான் பயணச்சீட்டை மடித்து மடித்துக் குட்டியாக்கினேன்.

எல்யாகிம் விடுவானா? நீதிமன்றத்தில் நாள் வாங்கிவிட்டான். இந்த மாதிரி வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்கிறவர் ரப்பி மாண்டெல். கோடையிலும் ஜலதோஷம் பிடித்த மனிதர், கைக்குட்டை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. காகிதத்தை மேசைமேல் விரித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, மரியாதையாக முழுவதையும் பார்த்தார்.

"யாரு கேட்டது?"

"நான்தான், ரப்பி" என்றான் எல்யாகிம்.

"நான் இன்னொண்ணு கேட்டேன், ரப்பி" என்றாள் ஷிஃப்ரா. "உயிரோட இருக்கார்னும் வருது."

எல்யாகிம் அவளைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருப்பேன். ரப்பி மாண்டெல் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"எல்யாகிம், கேளு. வேற எந்த வழக்குலயும் ரெண்டு சாட்சி வேணும், அதுவும் நம்ம ஆளா இருக்கணும். இந்த ஒரு விஷயத்துல மட்டும் நம்ம முன்னோர் கதவை அகலமாத் தொறந்து வெச்சிருக்காங்க, பாவம், பொண்ணு கட்டுண்டு கிடக்கக் கூடாதுன்னு. ஒரே ஒரு சாட்சி போதும். பொம்பளை போதும். நம்ம ஜனம் இல்லாதவன், தோராவையே கேள்விப்படாத லாரிக்காரன், போற போக்குல 'அட, அந்த ஆளா, அவனைத்தான் புதைச்சாச்சே'ன்னு சொன்னாக்கூடப் போதும். நான் ஏத்துப்பேன். ஆனா ஒரே ஒரு நிபந்தனை. அவன்கிட்ட யாரும் கேட்டிருக்கக் கூடாது. கேட்டா செல்லாது. கேக்கிறவன் மூஞ்சியைப் பாத்துத்தான் ஜனங்க பதில் சொல்லுவாங்க. ஒருத்தன் உன்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்லுவான், ஒருத்தன் வம்பு வேண்டாம்னு வாயை மூடிப்பான்." காகிதத்தைத் தட்டினார். "இதுவும் நீ கேட்டதைத்தான் சொல்லியிருக்கு. அவ கேட்டப்போ அவளுக்கும் சொல்லியிருக்கு."

"தோரா பொய் சொல்லுமா, ரப்பி?"

"தோரா எங்கப்பா சொல்லிச்சு? அது ஆபிரகாம் கதையைச் சொல்லிட்டு இருந்துச்சு. நீதான் நடுவுல தாவித் தாவி எழுத்தைப் பொறுக்கின."

எல்யாகிம் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டான். பிறகு எழுந்து நின்றான். "அப்போ நான் போறேன். அந்தத் தொழிற்சாலைக்கு இப்போ ஆள் தேடிட்டு இருக்காங்க. ஒரு சீசன் முழுக்க அங்க நிக்கிறேன். ஒருத்தர்கிட்டயும் கேக்க மாட்டேன். நான் யாருன்னும் சொல்ல மாட்டேன்."

"நீயா?" என்றேன் நான். வாய் சும்மா இருக்கவில்லை.

"நான்தான்!"

ரப்பி மாண்டெல் ஒரு விரலைத் தூக்கி இன்னும் ஏதோ சொல்ல வந்தார். தும்மல் வந்தது. அவர் தும்மி, மூக்கைத் துடைத்து முடிப்பதற்குள் எல்யாகிம் படியிறங்கிவிட்டான்.

அவன் விமானம் ஏறினதும் தெருவில் பந்தயம் கட்டாத குறை. முதல் வாரமே யார் சட்டையையாவது பிடித்து உலுக்கி என் அண்ணன் எங்கே என்று கேட்டுவிடுவான் என்று அவன் மனைவியே சொன்னாள். வாரம் ஒருமுறை அவளுக்குப் போன் பண்ணுவான். வெயில், மீன் நாற்றம், பாஷை கொஞ்சம் கொஞ்சமாகக் காதில் விழுகிறது, இவ்வளவுதான் பேச்சு. எங்கள் பக்கத்திலும் யாரும் அவனிடம் எதையும் கேட்கக் கூடாது என்று ஷிஃப்ரா சொல்லிவிட்டாள். எல்யாகிமைச் சமாளிப்பதைவிட எங்கள் தெருவைச் சமாளிப்பது கஷ்டம். காய்கறிக் கடையில் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் வெங்காயத்தைப் பார்ப்பேன்.

நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் யோராம் வந்தார். ஷிஃப்ராவின் கதவு முழுவதும் திறந்திருக்க, வாசலுக்கு வெளியே நின்றே பேசினார். நான் என் வாசலில்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். அன்னைக்கு நீங்க போனதுக்கப்புறம் எனக்கு மனசே சரியில்ல. அதே தேடலை வேற ஒரு புத்தகத்துல ஓட்டிப் பாத்தேன். வருமான வரிச் சட்டம். கணினியில அதுதான் முழுசா இருந்துச்சு."

"வந்துச்சா?"

"வந்துச்சு. வருமான வரிச் சட்டத்துலயும் உங்க வீட்டுக்காரர் செத்துப் போறார். ரெண்டு இடத்துல."

ஷிஃப்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருடக்கணக்கில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். நான் சபாத் அனுசரிக்க ஆரம்பிச்சதே அந்தக் கட்டங்களைப் பாத்துத்தான். என் அம்மாகூடச் சண்டை போட்டுட்டு, வேலையை விட்டுட்டு வந்தேன். இப்போ கீழே தரையே இல்லாத மாதிரி இருக்கு. நீங்க எதை வெச்சு நம்பறீங்க? சொல்லுங்களேன்."

ஷிஃப்ரா நிஜமாகவே யோசித்தாள். "எனக்குச் சொல்லத் தெரியலையே" என்றாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துப் பதறினாள். "ஐயோ, விளக்கு ஏத்துற நேரம்! பஸ் நின்னிருக்குமே. எங்க சாப்பிடுவீங்க?"

அவர் முழித்தார். "என் வீட்டுக்காரர் இருக்கார், எங்க வீட்டுக்கு வாங்க" என்று நான் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு மேசையில் கோழி சூப்பை மூன்று கிண்ணம் குடித்தார். ராகம் தெரியாமல் எல்லாப் பாட்டையும் கூடவே சத்தமாகப் பாடினார். பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்தார். மேடையில் கட்டம் காட்டுவதை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன், சபாத்தை விடவில்லை. ஏன் விடவில்லை என்று நானும் கேட்கவில்லை. அந்த வருடம் கேட்காமல் இருப்பது எங்களுக்கெல்லாம் தொற்றிக்கொண்ட வியாதி.

பெசாக் பண்டிகைக்கு முன்னால் எல்யாகிம் திரும்பி வந்தான். வீட்டுக்குப் போகவில்லை, பெட்டியோடு நேராக ரப்பி மாண்டெலிடம் போய் உட்கார்ந்துவிட்டான். எங்களுக்கு ஆள் வந்தது. ஷிஃப்ரா ஒருத்தியின் விக்கைப் பாதி சுருட்டியபடி விட்டுவிட்டு வந்தாள். படியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எல்யாகிம் கறுத்து, பாதியாகியிருந்தான். ஷிஃப்ராவின் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினான்.

"தொழிற்சாலைக்குப் பின்னால ஒரு அம்மா சமைச்சுப் போடுவாங்க. லம்யாய்னு பேரு. நான் என் பானையில நானே முட்டை அவிச்சுப்பேன், அடுப்பு மட்டும் அவங்களுது. ஒரு நாள் பானையைத் தூக்கி அடுப்பு மேல வெச்சேன். அவங்க வெங்காயம் வெட்டிட்டு இருந்தாங்க. தலையைக்கூடத் தூக்கல. 'நீயும் அவரை மாதிரியே பானையைச் சுமந்துக்கிட்டு வர்ற. அந்தத் தடியர் நஃப்தாலி. பாவம், கடல் அவரை எங்க ஊர்க் கரையில கொண்டாந்து போட்டுச்சு. மறுநாள் காலையிலேயே. முகம் கெடவே இல்லை, பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டேன். என் புருஷன்தான் குளிப்பாட்டினான். சட்டைக்குள்ள நாலு மூலையிலும் நூல் தொங்கிச்சு. அதை அவுக்கலாமா கூடாதான்னு தெரியல, அதோடவே புதைச்சுட்டோம். வெள்ளைக்காரனைச் சொல்லாமப் புதைச்சோம்னு போலீஸ் வந்து பிடிப்பாங்கன்னு யார் கேட்டும் சொல்லல'ன்னாங்க."

அந்த நாலு மூலை நூல் எங்கள் ஆண்கள் சட்டைக்குள் போடுகிற ஜெப ஆடையுடையது.

"அப்புறம்?" என்றார் ரப்பி.

"அப்புறம், உப்பு இருந்தா குடுன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"உப்பு குடுத்தேன், ரப்பி. வேற ஒரு வார்த்தை பேசல. முட்டையை எடுத்துக்கிட்டு மீன் பெட்டிக் கிடங்குக்குப் போனேன். அங்கதான் அழுதேன்."

"எந்த இடத்துல புதைச்சாங்க?"

"கேக்கல."

ரப்பி மாண்டெலின் கைக்குட்டை மடியில் விழுந்தது. "அவங்கதான் தானா ஆரம்பிச்சுட்டாங்களே, எல்யாகிம். ஆரம்பிச்சதுக்கப்புறம் நீ எவ்வளவு வேணும்னாலும் கேட்டிருக்கலாமே! அதுக்குச் சட்டம் இடம் குடுக்குது. அன்னைக்கு நான் அதைத்தான் சொல்ல வந்தேன்."

எல்யாகிம் அவரையே பார்த்தான்.

"அதுக்கப்புறம் எவ்வளவு நாள் அங்க இருந்த?"

"சீசன் முடியிற வரைக்கும். தினமும் அந்த அடுப்புலதான் முட்டை அவிச்சேன். தினமும் அந்தம்மா பேசினாங்க. மழை, மருமகள், மீன் விலைன்னு. இன்னொரு தடவை அண்ணன் பேச்சு வரல. நான் கேட்டுட்டா எல்லாம் கெட்டுப்போகும்னு நெனைச்சேன். லீவு நாள்ல அவங்க ஊர்க் கரையில நடந்து பாத்தேன், தென்னை மரத்தடியில மேடு மேடா நிறைய இருந்துச்சு. எது அவன்னு தெரியல. எல்லாத்துக்கும் நின்னு ஜெபம் சொன்னேன்."

நான் அவனை எவ்வளவு திட்டியிருக்கிறேன். அந்த நிமிஷம் எழுந்துபோய் அவன் காலைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வாயில் பூட்டே இல்லாத அந்த மனிதன், தன் அண்ணன் எங்கே கிடக்கிறான் என்று தெரிந்த ஒருத்தியின் பக்கத்தில் தினமும் நின்று, உப்பைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

ரப்பி இன்னும் இரண்டு நீதிபதிகளைக் கூட்டி உட்கார்ந்தார். எல்யாகிமைத் தனியாகவும் சேர்த்தும் குடைந்து எடுத்தார்கள். கடைசியில் எங்களை உள்ளே கூப்பிட்டு, மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். "மகளே, நீ விதவை. நீ யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம்" என்று ரப்பி மாண்டெல் சொன்னார். இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை வருடம். மெனாஹெமுக்கு யார் தூது போனது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது பின்னால், கோடையில். அன்றைக்கு என் நாக்கு நுனிவரை வந்ததை நான் விழுங்கினேன்.

இவ்வளவு காலம் கழித்து வருகிற சாவுச் செய்திக்கு ஏழு நாள் துக்கம் கிடையாது, ஒரு மணி நேரம்தான். ஷிஃப்ரா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ரைசல் அவள் பக்கத்தில். கீழ்வீட்டுக்காரிகள் சத்தமில்லாமல் வந்து சுவரோரம் நின்றார்கள். நான் வெறுங்கையோடு போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். எல்யாகிம் உள்ளே வராமல் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான்.

ஷிஃப்ரா முதலில் ரைசலின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அவள் என்னைப் பார்த்து, "குளிப்பாட்டினாங்களாம்டீ" என்றாள். அவ்வளவுதான். அத்தனை வருடமாக அடைத்து வைத்திருந்தது முழுவதும் உடைந்து வந்தது. கல்நெஞ்சக்காரி என்று பேசினவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். அவனுடைய சிரிப்பைச் சொல்லி அழுதாள். எதையும் தொட்டுத்தான் பார்ப்பான் என்று சொல்லி அழுதாள். எனக்கு அவளைத் தேற்றத் தோன்றவில்லை, கூட அழத்தான் முடிந்தது.

அந்த ஒரு மணி நேரம் ஆனதும் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள். எல்யாகிம் தலையைத் தூக்கவில்லை.

"எல்யாகிம்."

"மன்னிச்சிரு, ஷிஃப்ரா. அவன் எங்கன்னு கேக்காம வந்துட்டேன்."

"தீர்ப்பு வந்தாச்சு. இனிமே கேட்டா எதுவும் கெட்டுப்போகாதுல்ல?"

"கெட்டுப்போகாது."

"அப்போ பண்டிகை முடிஞ்சதும் போ" என்றாள். "போய் அந்தம்மாகிட்ட எல்லாத்தையும் கேட்டுட்டு வா."